தொண்டையைச் சும்மா விடாதீர்கள்: வாய், தொண்டைப் புற்றுநோய்க்குப் பின் பேசவும் விழுங்கவும் ஒரு வழிகாட்டி

கன்னத்திலோ நாக்கிலோ தொண்டையிலோ புற்று என்று உறுதியானதும் வீட்டில் எழும் முதல் கேள்வி, "உயிருக்கு ஆபத்தில்லையே?" என்பது. அடுத்த கேள்வி பணத்தைப் பற்றியது. "இனி எப்படிச் சாப்பிடுவார், எப்படிப் பேசுவார்?" என்ற மூன்றாவது கேள்வி வருவதற்குள் பெரும்பாலும் அறுவை முடிந்திருக்கும், அல்லது கரண்ட் வைப்பது, அதாவது கதிர்வீச்சு, பாதி நடந்திருக்கும். பேச்சு, விழுங்குதல் சிகிச்சை தருபவளாக, தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்திலிருந்து வருகிற குடும்பங்களிடம் நான் திரும்பத் திரும்பச் சொல்வது ஒன்றே. அந்த மூன்றாவது கேள்வியை முதல் வாரத்திலேயே கேளுங்கள்.

காரணம் எளிது. விழுங்குவதற்கு நாக்கு, தாடை, தொண்டை, குரல்வளை என்று இருபதுக்கும் மேற்பட்ட தசைகள் வரிசை தவறாமல் வேலை செய்ய வேண்டும். உணவு பின்னால் போகும் அந்த ஒரு நொடியில் குரல்வளை மேலே எழும்பி மூச்சுப் பாதையை மூடிக்கொள்கிறது. அறுவையில் தசை குறைகிறது. கதிர்வீச்சில் தசை வீங்கி, பிறகு நாராக இறுகுகிறது. இந்த நாட்களில் "வலிக்கிறது, குழாயிலேயே ஊற்றிவிடலாம்" என்று தொண்டையைச் சும்மா விட்டுவிட்டால், பயன்படுத்தாத தசை மேலும் மெலியும். நோய் குணமாகியும் மூக்குக் குழாயோடு வாழ்கிறவர்களைப் பார்க்கும்போது எனக்கு மனம் ஆறுவதில்லை. அவர்களில் பலர் முன்கூட்டியே பயிற்சியைத் தொடங்கியிருந்தால் வாயால் சாப்பிட்டிருப்பார்கள்.

முதல் படி: சிகிச்சை தொடங்கும் முன்

அறுவைக்கோ கதிர்வீச்சுக்கோ தேதி கொடுத்ததும், அதே மருத்துவரிடம், "ஸ்பீச் தெரபிஸ்ட்டைப் பார்க்க எழுதிக் கொடுங்கள்" என்று கேளுங்கள். கேட்டால் எழுதிக் கொடுப்பார்கள். கேட்காவிட்டால் கூட்டத்தில் விட்டுப்போகும்.

அந்தச் சந்திப்புக்கு முன் வீட்டிலேயே சில வேலைகள் உண்டு. நோயாளியின் குரலைச் செல்போனில் பதிவுசெய்யுங்கள். ஊர், பெயர், பேரப்பிள்ளைகளின் பெயர், தினமும் சொல்லும் வார்த்தைகள், எதுவானாலும் சரி. பின்னால் பயிற்சியில் எந்த ஒலி எப்படி இருந்தது என்று ஒப்பிட அது உதவும். குரல்வளையை எடுக்கப்போகிறவர்களுக்கோ, அது குடும்பத்தின் கையில் நிற்கும் ஒரே குரல். எடை பார்த்துக் குறித்துவையுங்கள். வாய் எவ்வளவு திறக்கிறது என்று பாருங்கள்: தன் கையின் மூன்று விரல்களைச் செங்குத்தாக அடுக்கி, மேல் பல்லுக்கும் கீழ்ப் பல்லுக்கும் நடுவில் நுழைக்க முடிகிறதா? திறப்பு 35 மில்லிமீட்டருக்குக் கீழே போனால் அதை வாய்ப்பூட்டு என்றே கணக்கிடுகிறோம். பாக்கு, புகையிலை, பான் மசாலா நெடுங்காலம் போட்டவர்களுக்குக் கன்னத்தின் உட்புறம் ஏற்கெனவே நாராகி, சிகிச்சைக்கு முன்பே இரண்டு விரல்தான் நுழையும். அவர்களுக்குத் தாடைப் பயிற்சி அன்றைக்கே தொடங்க வேண்டும்.

கதிர்வீச்சுக்கு முன் பல் மருத்துவரைப் பார்த்தே ஆக வேண்டும். சொத்தைப் பல்லைப் பிறகு பிடுங்கலாம் என்று விட்டால், கதிர்வீச்சு பட்ட தாடை எலும்பில் புண் ஆறாமல் எலும்பே செத்துப்போகும் ஆபத்து இருக்கிறது. புகையிலையை அன்றோடு நிறுத்த வேண்டும் என்பதை விளக்கவே வேண்டாம்.

யாரைப் பார்ப்பது, எங்கே

ஸ்பீச் தெரபிஸ்ட் என்றதும், பேச்சு வராத குழந்தைகளைப் பார்க்கிறவர் என்றே நம் ஊரில் நினைக்கிறார்கள். விழுங்குதல் கோளாறும் அவர்களுடைய படிப்புக்குள் வருவதுதான். பேச்சு, கேட்டல் துறைப் பட்டங்களான பி.ஏ.எஸ்.எல்.பி. அல்லது எம்.ஏ.எஸ்.எல்.பி. படித்து, இந்திய மறுவாழ்வுக் கவுன்சிலில் பதிவு பெற்றிருக்கிறாரா என்று பாருங்கள். "கழுத்துப் புற்றுநோயாளிகளுக்கு விழுங்கும் பயிற்சி கொடுத்திருக்கிறீர்களா?" என்றும் தயங்காமல் கேளுங்கள். நல்ல சிகிச்சையாளர் அதைத் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்.

தருமபுரியில் 2008 முதல் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. கிருஷ்ணகிரிக்குப் போலுப்பள்ளியில் 2022-இல் வந்தது. இரண்டிலும் காது மூக்கு தொண்டைப் பிரிவில்தான் முதலில் விசாரிக்க வேண்டும். பெரிய அறுவை, கதிர்வீச்சு என்றால் நம் மக்கள் சேலத்துக்கோ, பெங்களூரு கித்வாய் மருத்துவமனைக்கோ, வேலூர் சி.எம்.சி.க்கோ, அடையாறு புற்றுநோய் மருத்துவமனைக்கோ போகிறார்கள். என் யோசனை இது: பரிசோதனையும் பயிற்சித் திட்டமும் சிகிச்சை நடக்கும் பெரிய மருத்துவமனையில், வாராந்திரப் பயிற்சியும் மேற்பார்வையும் ஊருக்கு அருகில். ஒவ்வொரு வாரமும் பெங்களூருக்கு பஸ் ஏறினால் இரண்டே மாதத்தில் சலித்து விட்டுவிடுவார்கள்.

பெங்களூரில் பயிற்சித் தாள் கன்னடத்திலோ ஆங்கிலத்திலோ இருக்கலாம். அனுமதி கேட்டு, சிகிச்சையாளர் செய்து காட்டுவதைச் செல்போனில் வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள். ஓசூர், தேன்கனிக்கோட்டை, வேப்பனப்பள்ளிப் பக்கம் வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசுகிற குடும்பங்கள் நிறைய. பேச்சுப் பயிற்சிக்கான சொற்கள் வீட்டில் பேசும் மொழியிலேயே இருக்க வேண்டும் என்று சொல்லுங்கள். அது உங்கள் உரிமை.

பரிசோதனை: புரை ஏறாவிட்டாலும் செய்ய வேண்டும்

சாப்பிடும்போது புரை ஏறினால், "யாரோ நினைக்கிறார்கள்" என்று உச்சந்தலையில் தட்டுவது நம் வழக்கம். இந்த நோயாளிகளுக்கு அப்படிக் கடந்துபோகக் கூடாது. அதைவிட ஆபத்தானது ஓசையே இல்லாமல் உள்ளே இறங்குவது. கதிர்வீச்சுக்குப் பின் தொண்டையில் உணர்வு குறைந்துவிடும். தண்ணீர் மூச்சுக்குழாய்க்குள் போகும், இருமல் வராது. சில வாரம் கழித்துக் காய்ச்சலும் நெஞ்சுச் சளியுமாக நிமோனியா வந்து நிற்கும்.

அதனால் கருவிப் பரிசோதனை தேவை. இரண்டு வகை உண்டு. ஒன்றில் மெல்லிய எண்டோஸ்கோப் குழாயை மூக்கு வழியாக விட்டு, விழுங்கும்போதே தொண்டையைப் பார்ப்பார்கள். மற்றதில் பேரியம் கலந்த உணவைக் கொடுத்து எக்ஸ்ரே வீடியோ எடுப்பார்கள். எந்தப் பதத்தில் புரை ஏறுகிறது, தலையை எப்படி வைத்தால் நிற்கிறது என்பது அதில் தெரிந்துவிடும். "மோவாயைத் தாழ்த்தி விழுங்கு", "இடப்பக்கம் திரும்பி விழுங்கு" என்பவை ஒருவருக்குக் காப்பு, இன்னொருவருக்குக் கேடு. பக்கத்துப் படுக்கைக்காரருக்குச் சொன்னதை நீங்கள் செய்யாதீர்கள்.

பயிற்சிகள்

அறுவை செய்தவர்கள் தையல் ஆறி, அறுவை மருத்துவர் "சரி" என்று சொன்ன பிறகே தொடங்க வேண்டும். கதிர்வீச்சு மட்டும் எடுப்பவர்கள் முதல் நாளுக்கு முன்பே தொடங்கலாம். ஒவ்வொன்றும் 10 முறை, நாளுக்கு மூன்று வேளை என்பது வழக்கமாகத் தொடங்கும் அளவு. கூட்டுவதும் குறைப்பதும் உங்கள் சிகிச்சையாளர் கையில்.

அழுத்தி விழுங்குதல்: தொண்டையில் பெரிய மாத்திரை ஒன்று நிற்பதாக எண்ணி, நாக்கை மேலண்ணத்தில் முழு பலத்தோடு அழுத்தி, எச்சிலை விழுங்க வேண்டும். கழுத்துத் தசை இறுகுவது கைக்குத் தெரிய வேண்டும்.

குரல்வளையை மேலே நிறுத்துதல்: கழுத்து முடிச்சின் மேல் விரலை வைத்து விழுங்கினால் அது மேலே ஏறி இறங்கும். ஏறிய நிலையில் அதை இரண்டு மூன்று நொடி இறங்கவிடாமல் பிடித்து, பிறகு விட வேண்டும். முதலில் யாருக்கும் பிடிபடாது. கண்ணாடி முன் உட்கார்ந்து, வீட்டில் ஒருவர் கூடச் செய்தால் சில நாட்களில் வந்துவிடும்.

நாக்கு நுனியைக் கடித்துக்கொண்டு விழுங்குதல்: நுனியை முன்பற்களுக்கு நடுவில் மெதுவாகப் பிடித்துக்கொண்டு எச்சிலை விழுங்குவது. தொண்டையின் பின்சுவர் முன்னால் வர இது பழக்கும். உணவோடும் தண்ணீரோடும் இதை ஒருபோதும் செய்யக் கூடாது. வெறும் எச்சில் மட்டும்.

மோவாய் அழுத்தம்: துண்டைச் சுருட்டி மோவாய்க்கும் நெஞ்சுக்கும் நடுவில் வைத்து, மோவாயால் கீழே அழுத்திப் பிடிப்பது. மல்லாந்து படுத்துத் தலையை மட்டும் தூக்கும் பயிற்சியையும் சிலருக்குச் சொல்வார்கள். கழுத்துவலி உள்ளவர்களும் மூச்சுக்காகக் கழுத்தில் போட்ட டிராக்கியாஸ்டமிக் குழாய் இருப்பவர்களும் அதைத் தாமாகச் செய்ய வேண்டாம்.

தாடைத் திறப்பு: நம் பக்கம் இதுதான் அதிகம் தேவைப்படுகிறது. வாயை வலி தொடங்கும் அளவு திறந்து, பத்து எண்ணும் வரை பிடித்து, மூட வேண்டும். தாடையை இடம் வலமாகவும் நகர்த்த வேண்டும். அத்துடன் தட்டையான ஐஸ் குச்சிகளைச் சுத்தம் செய்து அடுக்கி, கடைவாய்ப் பற்களுக்கு நடுவில் வைப்பது எளிய முறை. இன்று எத்தனை குச்சி நுழைந்தது என்று காலண்டரில் எழுதுங்கள். அடுத்த வாரம் ஒன்று கூட்டப் பாருங்கள். பற்கள் ஆடினாலும், தாடை எலும்பில் அறுவை நடந்திருந்தாலும், மருத்துவரைக் கேட்காமல் குச்சி வைக்காதீர்கள்.

உயர்ந்த குரலில் "ஈ" என்று கீழிருந்து மேலாக இழுப்பதும் பயிற்சிதான். குரல் ஏறும்போது குரல்வளையும் ஏறுகிறது. வீட்டில் பாடுகிற பழக்கம் உள்ளவர்கள் இதை விரும்பிச் செய்வார்கள்.

உணவு: களியிலிருந்து தொடங்குவோம்

பென்னாகரம் பக்கத்திலிருந்து வந்த ஓர் அம்மா, கணவருக்கு நாக்கில் அறுவை முடிந்து வாயால் சாப்பிட அனுமதி கிடைத்ததும், தூக்குச்சட்டியில் களியும் கீரைக் கடைசலும் கொண்டுவந்திருந்தார். "களி இல்லாமல் இவருக்குச் சாப்பிட்ட மாதிரியே இருக்காது, அம்மா. ஒரு உருண்டை மட்டும் கொடுக்கட்டுமா?" என்றார். மறுக்க எனக்கு மனம் வரவில்லை. ஆனால் மறுக்கத்தான் வேண்டும். களியை நாம் மெல்வதில்லை. உருட்டிக் குழம்பில் புரட்டி அப்படியே விழுங்குகிறோம். அந்த உருண்டையைப் பின்னால் தள்ளுவது முழுக்க நாக்கின் வேலை. நாக்கில் பாதி போனவருக்கு அது நாவின் அடியில் ஒட்டி நின்று, அடுத்த மூச்சில் பாதை மாறும்.

அங்கேயே ஒரு வேலை செய்தோம். களியில் ஒரு பிடியைச் சுடுநீர் விட்டுக் கையால் கரைத்து, வடிகட்டியில் தேய்த்து, மோர் சேர்த்தோம். கட்டியில்லாமல், கரண்டியைச் சாய்த்தால் ஒட்டாமல் ஒரே சேர்வாக வழுக்கி விழும் பதம் வந்தது. சிறு கரண்டியில், நல்ல பக்கத்துக் கன்னத்தில் வைத்தார் அந்த அம்மா. கணவர் விழுங்கினார், இன்னொரு முறை வெறுமனே விழுங்கினார், "ஆ" என்று குரல் கொடுத்தார். குரல் ஈரமில்லாமல் தெளிவாக வந்தது. அடுத்த கரண்டி.

அந்த வரிசையை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்: சிறு வாய், விழுங்கு, மறுபடி விழுங்கு, குரல் கொடு, பிறகே அடுத்தது. குரல் கொரகொரவென்று ஈரமாக வந்தால் இருமித் துப்பிவிட்டு, நிறுத்திப் பார்க்க வேண்டும்.

கேழ்வரகை விட்டுவிட வேண்டியதில்லை. மாவாகக் கரைத்துக் காய்ச்சுவதைவிட, ஊறவைத்து அரைத்து, துணியில் பால் பிழிந்து காய்ச்சுங்கள். உமித்துகள் புண்ணில் குத்தாது. ஆறும்போது கூழ் இறுகும் என்பதை நினைவில் வைத்து, சாப்பிடும் சூட்டிலேயே பதம் பாருங்கள்.

பதத்தை அளக்க ஓர் எளிய சோதனை உண்டு. பானத்திலிருந்து கெட்டி உணவு வரை 0 முதல் 7 வரை எண் கொடுத்து வகுத்த ஐ.டி.டி.எஸ்.ஐ. என்ற சர்வதேச அளவுகோலில் வருவது. மருந்துக்கடையில் 10 மில்லி சிரிஞ்சு வாங்குங்கள். பூஜ்யத்திலிருந்து 10 மில்லி கோடு வரையான நீளம் 61.5 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். தள்ளியை எடுத்துவிட்டு, முனையை விரலால் மூடி, 10 மில்லி கோடு வரை கஞ்சியை ஊற்றுங்கள். விரலை எடுத்துப் பத்து நொடி ஓடவிட்டு மறுபடி மூடுங்கள். மீதி 1 மில்லிக்குக் குறைவென்றால் அது தண்ணீர்ப் பதம். 1 முதல் 4 வரை நின்றால் முதல் நிலை. 4 முதல் 8 வரை இரண்டாம் நிலை. 8-க்கு மேல் நின்று, கொஞ்சமாவது ஓடினால் மூன்றாம் நிலை. "இரண்டாம் நிலையில் கொடுங்கள்" என்று மருத்துவமனையில் எழுதியிருந்தால், உங்கள் அடுப்படியில் நீங்களே அதைச் சரிபார்க்கலாம். கெட்டி உணவுக்கு முள்கரண்டி போதும். கட்டைவிரல் நகம் வெளுக்கும் அளவு அழுத்தினால் உணவு நசுங்கி, விரலை எடுத்தபின் பழைய வடிவத்துக்குத் திரும்பாமல் இருக்க வேண்டும்.

இப்போது எல்லோரும் தவறாக நினைக்கும் ஓர் உணவு: ரசம் சாதம். உடம்பு சரியில்லை என்றால் நம் கை தானாக அதைத்தான் பிசைகிறது. விழுங்கக் கஷ்டப்படுபவருக்கு அது மிகக் கடினமான உணவுகளில் ஒன்று. ஒரே வாயில் தண்ணீரும் பருக்கையும் இருக்கின்றன. பருக்கையை நாக்கு சேர்த்துக்கொண்டிருக்கும்போதே ரசம் தொண்டைக்கு ஓடிவிடுகிறது. சாம்பாரில் மிதக்கும் இட்லி, பாலில் ஊறிய பிஸ்கட் எல்லாம் இதே வகை. குழையப் பிசைந்து, தண்ணீர் பிரியாத தயிர்சாதம் அதைவிடப் பாதுகாப்பு. மசித்த பருப்பு, கீரைக் கடைசல், நன்றாக அடித்து வேகவைத்து மசித்த முட்டை, வடிகட்டிய கொள்ளுச் சாறு கலந்த மசியல் ஆகியவையும் சரி. அவல், பொரி, உதிரும் உப்புமா, வேர்க்கடலை இவையெல்லாம் பிறகு.

மாம்பழக் காலத்தில் கிருஷ்ணகிரிக்காரர்களை மாம்பழம் கூடாது என்று எப்படிச் சொல்வது? நாரில்லாத இனிப்புப் பழத்தை வடிகட்டிக் கூழாக்கினால் பலருக்கும் நன்றாகவே இறங்குகிறது. வாயில் புண் இருக்கும் வாரங்களில் மட்டும் அதன் புளிப்பு எரிக்கும்.

பத்தியம் பற்றி ஒரு வார்த்தை. தயிர் கூடாது, முட்டை கூடாது, பருப்பு வாயு என்று சொல்லி, கடைசியில் வெறும் அரிசிக் கஞ்சியில் ஆளை நிறுத்துகிற உறவினர்கள் எல்லா வீட்டிலும் உண்டு. அவர்களுக்கு அன்பு இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் புரதம் இல்லாமல் புண் ஆறாது, தசை தேறாது. ஊட்டச்சத்து நிபுணர் எழுதித் தரும் தாளை அவர்களிடம் காட்டிவிடுங்கள்.

எப்போதும் நிமிர்ந்து உட்கார்ந்தே சாப்பிட வேண்டும். சாப்பிட்டு அரை மணி நேரமாவது படுக்கக் கூடாது. டி.வி.யை அணைத்துவிடுங்கள். சாப்பிடும் வாயிடம் கேள்வி கேட்காதீர்கள்.

கரண்ட் வைக்கும் வாரங்கள்

வாரத்துக்கு ஐந்து நாள் வீதம், ஆறு ஏழு வாரம் என்பது பரவலான அட்டவணை. முதல் வாரம் ஒன்றும் தெரியாது. இரண்டாம் மூன்றாம் வாரத்தில் வாய்ப்புண், சுவையின்மை, கயிறு மாதிரி இழுக்கும் எச்சில், பிறகு வறட்சி. சிகிச்சை முடிந்தும் ஓரிரு வாரம் வேதனை கூடலாம். அதை முன்பே தெரிந்திருந்தால் பயமில்லை.

இந்த நாட்களில்தான் எல்லோரும் பயிற்சியை விடுகிறார்கள். இந்த நாட்களில்தான் விடவே கூடாது. வலி மாத்திரையை மருத்துவரிடம் கேட்டு, சாப்பாட்டுக்கும் பயிற்சிக்கும் அரை மணி நேரம் முன்பு போடும்படி அமைத்துக்கொள்ளுங்கள். பத்து முறை முடியவில்லையென்றால் மூன்று முறை செய்யுங்கள். மூக்குக் குழாயோ வயிற்றுக் குழாயோ போட்டால் அதைத் தோல்வியாக நினைக்க வேண்டாம். எடை குறையாமல் காப்பது அதுதான். ஆனால் குழாய் இருக்கும்போதும், பாதுகாப்பு என்று சிகிச்சையாளர் சொன்ன பதத்தில் சில கரண்டியாவது வாயால் இறங்க வேண்டும்.

ஒரு லிட்டர் கொதித்து ஆறிய தண்ணீரில் ஒரு தேக்கரண்டி உப்பு, ஒரு தேக்கரண்டி சமையல் சோடா கலந்து, நாள் முழுவதும் அடிக்கடி கொப்பளிக்க வேண்டும். கடையில் விற்கும் ஆல்கஹால் கலந்த மவுத்வாஷ் வேண்டாம். வாய் சுத்தமாக இருந்தால், தப்பித் தவறி உள்ளே இறங்கும் எச்சிலால் நிமோனியா வரும் வாய்ப்பும் குறைகிறது.

நாக்கு, கன்னம், அண்ணம்: பேச்சு

எந்த இடத்தில் அறுத்தார்களோ அந்த இடத்து ஒலிதான் கெடும். நாக்கு நுனி போனவருக்கு த, ந, ல, ர தடுமாறும். ட, ள, ழ-வும் குழையும். நாக்கின் அடிப்பகுதி என்றால் க, ங. உதடும் கன்னமும் இழுத்துக்கொண்டால் ப, ம, வ. மேலண்ணம் எடுத்தவருக்கு எல்லாமே மூக்கால் வரும். அவருக்குப் பயிற்சிக்கு முன் அண்ணத் துளையை மூடும் தட்டைப் பல் மருத்துவப் பிரிவில் செய்துகொடுக்க வேண்டும். அது இல்லாமல் எத்தனை பயிற்சி செய்தாலும் பேச்சு தெளியாது, சோறும் மூக்கில் வரும்.

பயிற்சி, கெட்ட ஒலியைத் தனியாக, பிறகு சொல்லில், பிறகு வாக்கியத்தில் என்று போகும். பழையபடி அதே இடத்தில் நாக்கு தொடாவிட்டாலும், உதட்டாலோ மீதியுள்ள நாக்காலோ கேட்பவர் காதில் அதே ஒலியாக விழும்படி மாற்று வழி கற்றுக்கொடுப்போம். நடைமுறையில் அதிகம் உதவுவது மெதுவாகப் பேசுவது. சொல்லுக்குச் சொல் இடைவெளி விட்டு, வாயை அகலத் திறந்து பேசினாலே அந்நியருக்கும் பாதிக்கு மேல் புரியும். முதலில் விஷயத்தைச் சொல்லிவிடச் சொல்லுங்கள்: "பஸ்" என்று ஒரு சொல், பிறகு "எத்தனை மணிக்கு?" வீட்டிலுள்ளவர்கள் புரியாததைப் புரிந்ததாகத் தலையாட்டக் கூடாது. புரிந்தவரைக்கும் திருப்பிச் சொல்லி, "வேலூருக்கா, சேலத்துக்கா?" என்று கேளுங்கள்.

குரல்வளையை முழுவதும் எடுத்தவர்களுக்கு

இவர்களுக்கு மூச்சு நிரந்தரமாகக் கழுத்துத் துளை வழியாகத்தான். மூச்சுப் பாதையும் உணவுப் பாதையும் தனித்தனியாகிவிடுவதால் சாதாரணமாகப் புரை ஏறாது. ஆனால் குரல் இல்லை. அறுவை முடிந்து கண் விழிக்கும்போதே கையில் எழுதும் பலகை இருக்க வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாதவருக்குத் தண்ணீர், வலி, சளி, கழிப்பறை, மனைவி, மகன் என்று படம் ஒட்டிய அட்டையை முன்பே செய்துவையுங்கள்.

குரலுக்கு மூன்று வழிகள். உணவுக்குழாய்ப் பேச்சு என்பது காற்றை உணவுக்குழாய்க்குள் இழுத்து, ஏப்பமாக வெளியே விட்டு அதையே ஒலியாக்குவது. ப, த, க போன்ற வெடிப்பொலிகளில் காற்று எளிதாக உள்ளே போகும் என்பதால் பாட்டி, தாத்தா, காக்கா என்றே தொடங்கலாம். செலவே இல்லை, பழக மாதங்கள் ஆகும், எல்லோருக்கும் வராது. எலெக்ட்ரோலாரிங்க்ஸ் என்பது கழுத்திலோ கன்னத்திலோ வைத்து அழுத்தினால் அதிரும் கருவி. கதிர்வீச்சில் கழுத்து கட்டையாகிவிட்டால் கன்னத்தில் வையுங்கள். வாய்க்குள் சிறு குழாய் வைக்கும் துணைப் பாகமும் உண்டு. பேசத் தொடங்கும்போது அழுத்தி, முடிந்ததும் விட வேண்டும். இந்த நேரப் பொருத்தம்தான் பயிற்சியின் பாதி.

மூன்றாவது, மூச்சுக்குழாய்க்கும் உணவுக்குழாய்க்கும் நடுவில் துளையிட்டு வைக்கும் குரல் வால்வு. கழுத்துத் துளையை விரலால் மூடிக்கொண்டு பேசினால், நுரையீரல் காற்றே குரலாக வரும். மூன்றிலும் இயல்பான குரல் இதுதான், விரைவில் கிடைப்பதும் இதுதான். பெங்களூரில் மருத்துவர் விஷால் ராவ் குழு, ஒரு டாலர் அளவு செலவில் இத்தகைய வால்வு ஒன்றை உருவாக்கியது பலருக்கும் நம்பிக்கை தந்த செய்தி. ஆனால் வால்வை தினமும் பிரஷ்ஷால் சுத்தம் செய்ய வேண்டும், சில மாதத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். தண்ணீர் குடித்தவுடன் இருமல் வந்து, வால்வு வழியாக நீர் கசிந்தால் மாற்றும் நேரம் வந்துவிட்டது. வால்வு கழன்று விழுந்தால் அது இருந்த துளை சில மணி நேரத்தில் சுருங்கத் தொடங்கும். விழுந்த வால்வு கண்ணில் படவில்லை என்றால் நுரையீரலுக்குள் போயிருக்கலாம். இரண்டும் அவசரம். அரூரிலிருந்தோ அஞ்செட்டியிலிருந்தோ மருத்துவமனை எவ்வளவு தூரம் என்று எண்ணிப் பார்த்து முடிவெடுங்கள். வால்வு வைத்துக்கொள்வதென்றால், துளை மூடாமல் தற்காலிகமாகச் செருகும் ரப்பர் குழாயைக் கேட்டு வாங்கி, செருகப் பழகிய பிறகே டிஸ்சார்ஜ் ஆகுங்கள்.

கழுத்துத் துளையின் மேல் எப்போதும் சுத்தமான பருத்தித் துணியோ அதற்கான வடிகட்டியோ இருக்கட்டும். கிரானைட் தூசும் ஓசூர்க் குளிரும் நேரே நுரையீரலுக்குப் போகும் வழி அது. கிணற்றில், ஏரியில் இறங்கக் கூடாது. ஆடிப் பதினெட்டுக்கு ஒகேனக்கல் போகலாம்; அருவியில் நிற்கவோ ஆற்றில் முங்கவோ கூடாது. கரையில் சொம்பால் கழுத்துக்குக் கீழே ஊற்றிக்கொள்ளுங்கள். சட்டைப் பையில் ஓர் அட்டை வையுங்கள்: "நான் கழுத்துத் துளை வழியாக மட்டுமே மூச்சு விடுகிறேன். ஆக்சிஜனைக் கழுத்தில் வையுங்கள்." விபத்திலோ மயக்கத்திலோ 108-இல் வருகிறவருக்கு இதைச் சொல்ல நோயாளியால் முடியாது.

உடனே மருத்துவமனைக்கு

சாப்பிட்டதும் தொடர்ந்து இருமல், காரணமில்லாக் காய்ச்சல், நெஞ்சில் கரகரப்பு, சளியில் உணவுத் துணுக்கு, திடீரென்று கூடும் விழுங்கல் சிரமம், மளமளவென எடை குறைவது, வாயிலோ கழுத்துத் துளையிலோ இரத்தம். இதில் எது வந்தாலும் அடுத்த சந்திப்புத் தேதிவரை காத்திருக்க வேண்டாம். மூச்சுத் திணறலுக்கும் இரத்தப் பெருக்குக்கும் 108.

காகித வேலைகள்

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டையை முதலிலேயே சரிபாருங்கள். கட்டணமில்லாத் தொலைபேசி 1800 425 3993. பெங்களூரில் சேரப்போகிறீர்கள் என்றால் அந்த அட்டை அங்கே செல்லுமா என்று சேரும் முன்பே காப்பீட்டுப் பிரிவில் கேட்டுவிடுங்கள். குரல்வளை அகற்றப்பட்டவர்களை 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பேச்சு, மொழிக் குறைபாட்டில் பெயர் சொல்லியே சேர்த்திருக்கிறது. மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் அடையாள அட்டைக்கு விண்ணப்பிக்கலாம். சிகிச்சைக்காகச் செல்லும் புற்றுநோயாளிக்கும் உடன் செல்பவருக்கும் ரயில் கட்டணச் சலுகை உண்டு. மருத்துவமனையில் படிவம் கேளுங்கள். தருமபுரி, ஓசூர்க்காரர்களுக்கு இது நேரடிப் பயன். கிருஷ்ணகிரி நகருக்கு ரயில் வராத குறை இந்த நோயாளிகளையும்தான் வதைக்கிறது.

தமிழக அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான் தொடங்கியது. வீட்டுக்கே வரும் நோய்த்தணிப்புச் செவிலியரும் இயன்முறை மருத்துவரும் அதில் இருக்கிறார்கள். மூக்குக் குழாய்ப் பராமரிப்புக்கும் கழுத்து, தோள் பயிற்சிக்கும் உங்கள் ஊர் தன்னார்வலரிடம் சொல்லி அவர்களை வரவழையுங்கள்.

எத்தனை நாள் செய்ய வேண்டும்

கதிர்வீச்சால் தசை இறுகுவது சிகிச்சை முடிந்த பின்னும் மாதக்கணக்கில், சிலருக்கு ஆண்டுக்கணக்கில் தொடரும். நன்றாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்தவருக்கு ஐந்தாறு ஆண்டு கழித்து மறுபடி புரை ஏறத் தொடங்குவதும் உண்டு. அதனால் தாடைப் பயிற்சியையும் அழுத்தி விழுங்குவதையும் பல் துலக்குவதோடு சேர்த்துத் தினசரி வழக்கமாக்கிவிடுங்கள். ஒரு நோட்டில் மாதம் ஒருமுறை எடை, வாய்க்குள் நுழையும் குச்சிகளின் எண்ணிக்கை, ஒரு வேளைச் சாப்பாட்டுக்கு ஆகும் நேரம் மூன்றையும் எழுதுங்கள். எடை இறங்கினாலோ, குச்சி குறைந்தாலோ, இருபது நிமிடத்தில் முடிந்த சாப்பாடு முக்கால் மணி நேரம் இழுத்தாலோ, அந்த நோட்டோடு சிகிச்சையாளரிடம் வாருங்கள்.